தொட்டிமலைக்கு நடையாக

ஜனவரி 3, புதன்

கூட்டுறவு வங்கியில் கொடுத்த புது டைரியில் முதல் இரண்டு நாள் காலியாகப் போய்விட்டது. எழுத விஷயம் இல்லாமல் இல்லை, பேனாதான் கிடைக்கவில்லை. இன்றைக்கு இரண்டும் இருக்கிறது.

காலையில் எஸ்தர் டீச்சர் வந்தார். எங்கள் வாடிக்கரை அரசுப் பள்ளியில் வரலாறு எடுப்பவர். பழைய பாதை, பழைய கல்வெட்டு என்று தேடி அலைகிற ஒரு குழுவுக்கும் அவர்தான் செயலாளர். தாது வருஷப் பஞ்சத்தில் இந்த அடிவாரத்திலிருந்து ஏழு குடும்பங்கள் மலையேறிப் போய், காட்டைத் திருத்தித் தொட்டிமலை என்ற ஊரை உண்டாக்கின. அவர்கள் ஏறிய வழிக்குத் தலைச்சுமைப் பாதை என்று பெயர். பத்தொன்பது கிலோமீட்டர். பஸ் ஓடத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனதில் பாதை புதருக்குள் போய்விட்டது. வனத்துறை அனுமதி கைக்கு வந்துவிட்டதாம். வழி தெரிந்த ஆள் மட்டும் வேண்டும் என்றார்.

என்னை விட்டால் ஆள் ஏது? பதினேழு வயது வரை அந்தப் பாதையில் எலுமிச்சை மூட்டை சுமந்தவன் நான். அப்புறம் அதே மலைக்கு முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். அறுபத்தொரு வயதில் ஏற முடியுமா என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நீங்கள் எனக்குப் பின்னால் வந்தால் போதும் என்றேன்.

சிட்டம்மாள் காப்பியை வைத்துவிட்டு எதுவும் பேசாமல் உள்ளே போனாள். முப்பத்தைந்து வருஷத்தில் என் மனைவி பேசாமல் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஜனவரி 6, சனி

காலையில் கண்மாய்க் கரையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். முட்டியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சிட்டம்மாள் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும். எனக்குக் கேட்க வேண்டும் என்று பேசினால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். இன்றைக்கு அப்படித்தான் பேசினாள். எட்டு மாசம் முடியப்போகிறது, பிரஷர் ஏறுகிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள், மலையில் ஆஸ்பத்திரி என்று என்ன இருக்கிறது, தை பிறந்ததும் கீழே வந்துவிடு என்று கெஞ்சினாள். மறுபக்கத்திலிருந்து ஏதோ பதில் வந்தது போல. பிறகு சொன்னாள்: "அப்பா வந்து கூப்பிட்டாத்தான் வருவியா? நல்லா இருக்குடி உங்க ரெண்டு பேரு வீம்பும்."

எதிர்முனையில் இருந்தது திலகா. எங்களுக்கு ஒரே மகள். தொட்டிமலையில் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் நான்கு வருஷமாகப் பேச்சு இல்லை.

இந்த நடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இது வரலாற்று வேலை.

ஜனவரி 9, செவ்வாய்

வெள்ளோட்டமாக முதல் இரண்டு கிலோமீட்டர் போய்ப் பார்த்தோம். கூட வந்தவர் வனக்காவலர் சடையன். ஐம்பது வயது இருக்கும். காட்டில் சத்தமே இல்லாமல் நடக்கிறார். நான் பழக்க தோஷத்தில் சட்டைப் பையில் இருந்த விசிலை எடுத்து, டீச்சர் பின்தங்கிய இடத்தில் ஒரு ஊது ஊதினேன். சடையன் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "கண்டக்டர்ண்ணே, இங்க விசில் அடிச்சா ஏறுறதுக்கு ஆளு வராது. காட்டு மாடுதான் வரும்." விசில் பைக்குள் போனது.

முதல் சுமைதாங்கிக் கல்லைக் கண்டுபிடித்தோம். நின்ற கல் இரண்டு, மேலே குறுக்காக ஒன்று, தோள் உயரம். தலையில் மூட்டையோடு வருகிறவன் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல் அதில் சாய்ந்து சுமையை இறக்கி வைக்கலாம். இந்தப் பாதையில் மொத்தம் ஏழு. எண்பதுகளுக்கு முன்னால் ஒவ்வொன்றையும் என் கழுத்து அறியும். பஸ்ஸுக்கு ஸ்டேஜ் மாதிரி எங்களுக்கு அந்தக் கல்.

கல் எண் ஒன்று. உயரம் நாலடி இரண்டு அங்குலம். எழுத்து: காளியப்பன் மனைவி சின்னக்காள் நினைவாக.

டீச்சர் யார் இந்தச் சின்னக்காள் என்று கேட்டார். இந்தப் பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே ஒரு பெண் செத்துப் போனால், இறக்கி வைக்காமல் போன அவள் சுமைக்காக வீட்டார் பாதையில் ஒரு கல் நடுவார்கள். அப்படியானால் ஏழு கல்லும் ஏழு பெண்களா என்றார். ஆமாம் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

ஜனவரி 12, வெள்ளி

பை கட்டியாயிற்று. நான் வைத்தது: இரண்டு வேட்டி, துண்டு, டார்ச், டேப், உப்புப் பொட்டலம், டைரி. சிட்டம்மாள் வைத்தது: எள்ளுருண்டை ஒரு டப்பா, நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில், பழைய பருத்திச் சேலை இரண்டு, துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. பாதையை அளக்கப் போகிறவனுக்குப் பருத்திச் சேலை எதற்கு என்று கேட்கலாம்தான். கேட்கவில்லை. துணிச் சுருளை அமுக்கிப் பார்த்தேன். வளையல்.

மதியம் பரண் மேலிருந்து நான்கு வருஷத்துக்கு முந்தைய டைரியை எடுத்தேன். ஐப்பசியில் ஒரு நாளைத் தேடினேன். அந்தத் தேதியில் என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: "மழை. கூட்டம் சுமார். வண்டி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது." மறுபடியும் பரணில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பானை கிழக்கே பொங்கி வழிந்தது. தேங்காய் உடைக்க எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், கை கொஞ்சம் சுளுக்கு.

ஜனவரி 18, வியாழன்

காலை ஆறு பத்துக்குப் புறப்பாடு. ஆறு மணி என்று சொல்லியிருந்தேன். பத்து நிமிடத் தாமதம் டீச்சரால்.

அடிவாரக் கருப்பசாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஏறுவது வழக்கம். சடையன் காயை என் கையில் கொடுத்தார். நான் டீச்சர் கையில் கொடுத்தேன். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இருந்தாலும் ஒரே போடில் சரிபாதியாக உடைத்தார். சடையன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

முதல் நாளுக்கு ஏழு கிலோமீட்டர் என்பது என் கணக்கு, அப்படியே முடித்தோம். மூன்றாவது கிலோமீட்டருக்குப் பிறகு உண்ணிச்செடி பாதையை மூடிக் கிடந்தது. இளம் வயதில் ஒன்றரை மணி நேரத்தில் தாண்டிய தூரம், அரிவாளால் வெட்டி வெட்டிப் போக நாலு மணி நேரம் பிடித்தது. ஒரு இடத்தில் பாதையே இல்லை. சடையன் இடது பக்கம் என்றார், நான் வலது பக்கம் என்றேன். வலது பக்கம்தான். பாறையில் செருப்பும் வெறுங்காலுமாகத் தேய்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. ஏழு குடும்பம் ஏறிய தடத்தில் நிற்கிறோம் என்று டீச்சர் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

கல் எண் இரண்டு: உயரம் நாலடி. எழுத்து: தங்கச்சி வேலாயிக்கு அண்ணன் போட்டது.

வனத்துறைக் காவல் குடிசையில் தங்கல். சடையன் கேழ்வரகுக் களி கிண்டினார். டீச்சர் என் பையைத் தூக்கிப் பார்த்து, கல்லை அளக்க வந்தீர்களா, கொண்டு போக வந்தீர்களா என்றார். ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுக்கவில்லை. அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

ஜனவரி 19, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

கல் எண் மூன்று சரியாக நின்றது. உயரம் நாலடி ஒரு அங்குலம். எண் நான்கு விழுந்து கிடந்தது. நின்ற கல் இரண்டும் சாய்ந்து, குறுக்குக் கல் மண்ணில் பாதி புதைந்திருந்தது. இதை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் டீச்சர். சடையன் கடப்பாரைக்குப் பதிலாக ஒரு மரக்கொம்பு வெட்டி வந்தார். மூன்று பேர் சேர்ந்தால் அரை மணி வேலை.

எனக்கு முதுகுப் பிடிப்பு, நீங்கள் இருவரும் பாருங்கள் என்றேன்.

நேற்று முழுக்கப் புதர் வெட்டிய முதுகு அது என்பது இருவருக்கும் தெரியும். சடையன் கொம்பைக் கீழே வைத்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "தேங்காய் உடைக்க மாட்டேன்னீங்க. இப்ப இந்தக் கல்லத் தொட மாட்டேங்குறீங்க. வீட்டுல யாருண்ணே முழுகாம இருக்கா?"

மகள் என்றேன்.

வயிற்றில் பிள்ளை இருக்கும் வீட்டில் தேங்காய் உடைக்கக் கூடாது, மண் தோண்டக் கூடாது, இந்த மாதிரிக் கல்லை நடக்கூடாது. அந்தக் கட்டுப்பாடு புருஷனுக்குத்தான், அப்பனுக்கு இல்லை. அது எனக்கும் தெரியும். அந்தப் பையன் கடைப்பிடிக்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரியாதே. யாராவது ஒருவர் சரியாக இருக்க வேண்டாமா?

சடையன் எழுந்தார். நீங்க அந்த மரத்தடியில இருங்க என்று சொல்லிவிட்டு, அவரும் டீச்சரும் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி நிமிர்த்தினார்கள். நான் மரத்தடியில் உட்கார்ந்து எள்ளுருண்டை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எழுத்தைப் படிக்கச் சொல்லி டீச்சர் கூப்பிட்டார். போகவில்லை. கல் எண் நான்குக்கு இந்த டைரியில் அளவும் இல்லை, பெயரும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் ஓடையைத் தாண்டும்போது டீச்சருக்குக் கால் பிசகிவிட்டது. பாதையும் தார் ரோடும் சந்திக்கிற இடம் நாளைக் காலை வரும். அங்கிருந்து அவர் வண்டியில்தான் போக வேண்டும். சடையன் வாக்கி டாக்கியில் வனத்துறை ஆபீசுக்குச் சொல்லி, வாடிக்கரையில் என் வீட்டுக்கும் தகவல் கொடுக்கச் சொன்னார்.

ஜனவரி 20, சனி

தலைச்சுமைப் பாதை தார் ரோட்டை ஒரே ஒரு இடத்தில்தான் குறுக்கே வெட்டுகிறது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. பதினான்காவது கிலோமீட்டர். ஐந்தாவது, ஆறாவது கல்லைத் தாண்டி எட்டரை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம்.

ஜீப் நின்றிருந்தது. ஓட்டி வந்தவன் ஜெகன். என் மருமகன் என்று இதற்கு முன் நான் எங்கும் எழுதியதில்லை. செய்தி அனுப்பிய கை யாருடையது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வாடிக்கரையில் உட்கார்ந்துகொண்டு மலையையே ஆட்டி வைக்கிறாள் சிட்டம்மாள்.

டீச்சரைக் கைத்தாங்கலாக ஏற்றினான். என் பக்கம் வந்து நின்றான். காலையிலிருந்து திலகாவுக்குத் தலை சுற்றல், பிரஷர் நூற்று ஐம்பதைத் தாண்டிவிட்டது, இந்த வாரமே கீழே போய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டார்கள், கிளம்ப மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள் என்றான். பிறகு, "ஏறுங்க மாமா, பதினஞ்சு நிமிஷத்துல போயிரலாம்" என்றான்.

இந்த வளைவில் நடந்ததை இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் என் வண்டியில் திலகாவும் ஜெகனும் ஏறினார்கள். பதிவு அலுவலகத்திலிருந்து நேரே வந்திருந்தார்கள். கழுத்தில் மாலையைக்கூடக் கழற்றவில்லை. டிக்கெட் கேட்டு வந்த என்னிடம் திலகா, "ரெண்டு தொட்டிமலைப்பா" என்றாள். அவள் போட்ட கணக்கு எனக்குப் புரிந்தது. டூட்டியில் நான் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அதனால் பஸ்ஸில் வைத்துச் சொன்னால் அப்பா சத்தம் போட மாட்டார் என்று நினைத்திருக்கிறாள். கணக்கு சரிதான். நான் சத்தம் போடவில்லை. ஒன்பதாவது வளைவில் விசில் அடித்தேன். வண்டி நின்றது. இறங்கு என்றேன். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி நின்று, மழையில் நனைந்துகொண்டே சொன்னாள்: "என் வீட்டுக்கு என்னைக்காவது வரணும்னு தோணுச்சுன்னா, நீங்களும் நடந்தே வாங்க." நான் ரைட் கொடுத்துவிட்டேன்.

இன்று ஜெகன், அவள் கோபத்தில் சொன்னது மாமா, அதை மனசில் வைக்காதீர்கள் என்றான். நான் இறக்கிவிட்டதும் கோபத்தில்தான் என்றேன். வண்டியில் போய் இறங்கினால் அவள் வராமல் இருக்க என் கையாலேயே காரணம் கொடுத்ததாகிவிடும். டீச்சரைப் பத்திரமாகக் கொண்டுபோகச் சொன்னேன். போகிறபோது, அங்கே நீ தேங்காய் கீங்காய் உடைக்கிறாயா என்று கேட்டேன். ஏழு மாசமாக உடைக்கவில்லை என்றான். நல்ல பையன்தான்.

மிச்சம் ஐந்து கிலோமீட்டர், மலையில் இருப்பவர்கள் இன்றும் குறுக்குவழியாக நடக்கிற பகுதி. சடையன் முன்னால், நான் பின்னால். செங்குத்தான ஏற்றம், நடுவில் இரண்டு இடத்தில் கையும் ஊன்ற வேண்டும். நேற்றைய தூறலில் அட்டை கிளம்பியிருந்தது. கல்யாணச் சேலையும் புதுச் செருப்புமாக இதில் எப்படி ஏறினாள்? கூடப் போகிறவன் பாதை தெரிந்தவன்தானே என்று நான்கு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஏழாவது கல்லில் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். முட்டி வீங்கியிருக்கிறது. எழுதாமல் விட்டதை எழுதிவிட்டேன்.

வளைவிலிருந்து மூன்று மணி நேரம் பத்து நிமிடத்தில் ஏறி ஊருக்குள் நுழைந்தேன். இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

ஜனவரி 21, ஞாயிறு

நேற்றைய மிச்சம்.

திலகா வீட்டு முன் களத்தில் காப்பிப் பழம் காயப் போட்டிருந்தார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து, காக்காய் விரட்ட ஒரு குச்சி வைத்திருந்தாள். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். அட்டை கடித்து இரண்டு காலிலும் ரத்தம்.

"எங்கருந்து நடந்தீங்க?"

"வாடிக்கரையிலருந்து."

"நான் ஒம்பதாவது வளைவுலருந்துதான நடந்து வரச் சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினாள். என்னிடமிருந்து போன குணம் அது, அடக்கினாலும் மூக்கில் தெரிந்துவிடும்.

வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். "அன்னைக்கு நான் விசில் அடிச்சிருக்கக் கூடாதும்மா. நம்ம வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னேன். காலில் இன்னும் அட்டை இருக்கிறது, உப்பு கொண்டுவருகிறேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் பையிலேயே உப்பு இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை நார்த்தங்காய் ஊறுகாயோடு பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வளைவிலிருந்து இங்கே வர உனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். எனக்குப் போக்குவரத்து நேரம் எப்போதும் முக்கியம்.

அஞ்சரை மணி நேரம் என்றாள். அவ்வளவு ஆகாதே என்றேன்.

"ரோட்டோரமே உக்காந்திருந்தோம்ப்பா. உங்க வண்டி திரும்பி வர்ற வரைக்கும். நிறுத்துவீங்கன்னு நெனச்சேன்."

திரும்பி வரும்போது மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் படுதாவை இறக்கினேன்.

ஜனவரி 23, செவ்வாய்

சிட்டம்மாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். என்னைப் பார்த்து, சுகமா என்று கேட்டாள், விருந்தாளியைக் கேட்பது போல.

ஜனவரி 24, புதன்

காலையில் வளைகாப்பு. நான் சுமந்து வந்த வளையலையும் போட்டார்கள். டீச்சர் காலில் கட்டோடு வந்து சந்தனம் பூசினார். சடையன் வாசலோடு நின்று வாழ்த்திவிட்டுப் போனார். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

ஜெகன் கார் சொல்கிறேன் என்றான். திலகா கேட்கவில்லை, பஸ்ஸில்தான் போவேன் என்றாள். மதியம் இரண்டு ஐந்து வண்டி. என் பழைய வண்டி. டிரைவர் பால்ராஜ் என்னோடு பத்து வருஷம் ஓட்டியவன், முன் சீட்டை எங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தான். கண்டக்டர் புதுப்பையன். முப்பத்தொரு வருஷம் கிழித்துக் கொடுத்தவன், இன்றைக்குக் கைநீட்டி, ஜெகனையும் சேர்த்து நாலு டிக்கெட் வாங்கினேன்.

பத்தாவது வளைவு தாண்டியதும் திலகா கையை நீட்டினாள். "அப்பா, விசிலக் குடுங்க."

கொடுத்தேன். ஒன்பதாவது வளைவில் ஒரே ஊது. யார் ஊதியது என்று பார்க்காமலே பால்ராஜ் வண்டியை ஓரம் கட்டினான்.

"இறங்குங்க" என்றாள்.

வண்டி நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, கம்பியைப் பிடித்து, படி படியாக இறங்கி ரோட்டோரம் நின்றேன். இரண்டு விசில் கேட்டது. வண்டி கிளம்பிவிட்டது.

அந்த இடத்தில் நின்று வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. முப்பத்தொரு வருஷமும் நான் உள்ளே இருந்தேன்.

ஒரு முப்பது அடி போயிருக்கும். ஒரு விசில். வண்டி நின்றது. திலகா ஜன்னலில் தலையை நீட்டி, டூட்டியில் தினமும் நான் சொன்ன அதே தொனியில் சொன்னாள்: "சீக்கிரம் ஏறுங்க, வண்டி லேட்டாகுது." அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. முட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஏறி உட்கார்ந்ததும் விசிலை என் சட்டைப் பையில் போட்டு, தோளில் சாய்ந்துகொண்டாள். வாடிக்கரை வரை எழுந்திருக்கவில்லை. நானும் தோளை அசைக்கவில்லை.

வண்டி எட்டு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.